ஐம்பது பேர் அமர்ந்த அறை



முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். அவற்றுள் கடைசிப் பதினோர் ஆண்டுகள் தலைமையாசிரியனாகவும் இருந்தேன். அந்தக் காலத்தில் நான் மிகுதியாகச் சொன்ன சொல் எது என்று என் பழைய மாணாக்கரைக் கேட்டுப் பாருங்கள். அசோகர் என்றோ அக்பர் என்றோ அவர்கள் சொல்லமாட்டார்கள். "சத்தம் போடாதே" என்பதைத்தான் சொல்வார்கள். அப்படிப்பட்ட நான், சென்ற மார்கழித் திங்களில், ஐம்பது பேர் மூச்சை அடக்கி அமர்ந்திருந்த ஓர் அறையில் சத்தம் போட்ட ஒரே ஆளானேன். அந்த நிகழ்ச்சியைச் சொல்லி, அதன் வழியாகச் சென்னை மாநகரின் இசை வரலாற்றில் ஒரு சிறு பகுதியை உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

என்னிடம் படித்து இன்று வங்கி ஒன்றில் அலுவலராக இருக்கும் அன்பர் ஒருவர், "ஐயா, ஒரு வீணைக் கச்சேரி இருக்கிறது. மைக் கிடையாது. நீங்கள் கட்டாயம் வரவேண்டும்" என்று அழைத்தார். "மைக் இல்லையென்றால் இந்தக் கிழவன் காதுக்கு எட்ட வேண்டுமே, தம்பி" என்றேன். "எட்டும், ஐயா. வந்து பாருங்கள்" என்றார்.

மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் மாடிக்கு என்னை அழைத்துச் சென்றார். படிக்கட்டின் இருபுறமும் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. மேலே நீண்ட ஓர் அறை. தரையில் ஜமக்காளம் விரித்திருந்தது. என்னைப் போன்ற முழங்கால் வலிக்காரர்களுக்காகச் சுவரோரம் பத்து நாற்காலிகள் இருந்தன. பழக்கத்தால் தலைகளை எண்ணினேன்; ஐம்பதுக்கு ஒன்று குறைவு. மேடை என்று தனியாக ஒன்றும் இல்லை. ஒரு பாய், அதன் மேல் வீணை, பக்கத்தில் தம்புரா, சற்றுத் தள்ளி மிருதங்கம். தொடங்குமுன் ஓர் இளைஞர் எழுந்து சன்னலைச் சாத்தினார், மின்விசிறிகளையும் நிறுத்தினார். விசிறியின் ஓசைகூட வீணையின் நாதத்துக்குப் பகை என்று அப்போதுதான் அறிந்தேன். "கைப்பேசிகளை அணைத்துவிடுங்கள்" என்று அவர் வேண்டிக்கொண்டார். அணைத்துவிட்டதாகவே நானும் எண்ணினேன்.

வீணை வாசித்தவர் எழுபதைத் தாண்டிய அம்மையார். பைரவி இராகத்தை விரிக்கத் தொடங்கினார். முதல் ஐந்து நிமிடம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓசை மிகச் சிறியதாய் இருந்தது. பிறகு, இருட்டுக்குக் கண் பழகுவது போல, அந்த மென்மைக்குக் காது பழகியது. தந்தியை ஒருமுறை மீட்டிவிட்டு, அந்த நாதம் ஓய்வதற்குள் இடக்கை விரலால் தந்தியை இழுத்து, மூன்று நான்கு சுரங்களை அவர் தொட்டுக் காட்டினார். எதிரே ஐம்பது பேரும் அசையாமல் இருந்தோம்.

அந்த வேளையில் என் சட்டைப்பையிலிருந்து கெட்டிமேளம் முழங்கியது. என் பேத்தி விளையாட்டாக அமைத்து வைத்த அழைப்பொலி அது. பையிலிருந்து கருவியை எடுப்பதற்குள் தாலியே கட்டி முடித்திருக்கலாம். அவ்வளவு நேரம் ஆயிற்று. ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மையார் விரலைத் தந்தியின் மேல் வைத்தபடியே காத்திருந்தார். முகத்தில் சினம் இல்லை. ஓசை அடங்கியதும், விட்ட இடத்திலிருந்து தொடராமல், மீண்டும் ஆதார சட்ஜத்திலிருந்து, முன்னிலும் மெதுவாகத் தொடங்கினார். நான் கண்களை மூடிக்கொண்டேன். அதன்பின் ஒன்றேகால் மணி நேரம் நான் கேட்டதுபோல என் வாழ்நாளில் எந்தக் கச்சேரியையும் கேட்டதில்லை. வெட்கமும் ஒருவகையில் நல்லாசிரியன்தான்.

கச்சேரி முடிந்து எல்லோருக்கும் காப்பி கொடுத்தார்கள். நான் அம்மையாரிடம் சென்று, "பெரிய பிழை செய்துவிட்டேன், அம்மா. மன்னிக்க வேண்டும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "முதலில் உங்கள் பக்கம் பார்க்கவே கூடாது என்றிருந்தேன், ஐயா. பிறகு பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரு பிடியை இரண்டாம் முறை வாசித்தேனே, அது உங்களுக்காக வாசித்ததுதான்" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் எத்தனையோ பெரிய அரங்குகளில் இசை கேட்டிருக்கிறேன். அங்கே நான் கேட்டேனா, தூங்கினேனா என்று பாடியவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதனால் அவர் பாட்டில் மாற்றம் இராது. இங்கேயோ நான் செய்த தவறும் இசைக்குள் புகுந்தது. பிறகு நான் கேட்ட கேள்வியும் இசைக்குள் புகுந்தது. இத்தகைய அறைகள் நம் நாட்டில் இருந்திருக்கின்றனவா? இருந்தனவென்றால் அங்கே யார் வாசித்தார்கள், யார் கேட்டார்கள், அவை ஏன் அருகின? வரலாற்று ஆசிரியனுக்கு இந்த வினாக்கள் எழுந்தால் அவன் நூலகத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா?

முதலில் ஓர் எளிய விஞ்ஞான உண்மையை நினைவில் கொள்ளுங்கள். திறந்த வெளியில் ஒலியெழும் இடத்திலிருந்து நாம் இருக்கும் தொலைவு இருமடங்கானால், நம்மை எட்டும் ஒலியின் செறிவு கால்பங்காகக் குறையும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அறைக்குள் இந்தக் குறைவு சற்றுத் தணியும். ஆனால் முற்றும் மாறாது. இதனால்தான் நம் முன்னோர் கருவிக்கேற்ற இடத்தையும், இடத்துக்கேற்ற கருவியையும் வைத்துக்கொண்டார்கள். நாகசுரமும் தவிலும் தேரோடும் வீதிக்கு உரியவை. நான்கு வீதிக்கும் அவை கேட்கும். வீணையோ கூடத்துக்கு உரியது. பலா மரத்தில் குடைந்த குடமும், மெழுகில் பதித்த 24 மெட்டுகளும், நான்கு தந்திகளும், தாளத்துக்கென்று மூன்று தந்திகளும் கொண்ட அந்தக் கருவியின் சிறப்பு, மீட்டியபின் நாதம் தேய்ந்து செல்லும் அந்தச் சில நொடிகளில்தான் இருக்கிறது. கமகம் என்று நாம் போற்றுவது அங்கேதான் பிறக்கிறது. பத்து முழத்துக்கு அப்பால் இருப்பவனுக்கு மீட்டிய ஓசை கேட்கும். தேய்ந்த ஓசை கேட்காது. அவனுக்குக் கிடைப்பது பாதி வீணையே.

இந்த உண்மையைத் தன் வாழ்க்கை நெறியாகவே கொண்ட ஒருவர் சென்னையில் இருந்தார். அவர்தாம் வீணை தனம்மாள். 1867ஆம் ஆண்டு பிறந்து 1938ஆம் ஆண்டு மறைந்தவர். அவருடைய பாட்டி காமாட்சி தஞ்சை அரசவையோடு தொடர்புடைய நாட்டியக் கலைஞர். 1855இல் தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண்மகவு இன்றி இறந்தபோது, ஆங்கிலக் கும்பினியார் அந்த அரசைத் தம்முடையது ஆக்கிக்கொண்டனர். அரண்மனையை நம்பியிருந்த கலைஞர் பலர் பிழைப்புக்காகச் சென்னைக்குப் பெயர்ந்தனர். ஓர் அரசவை கலைந்தால் அதன் இசை எங்கே போகும்? அது வணிகர் தெருக்களில் உள்ள வீட்டுக் கூடங்களுக்குப் போயிற்று. தனம்மாளின் வீடும் ஜார்ஜ் டவுன் என்னும் அந்த வணிகப் பகுதியில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் அவ்வீட்டுக் கூடத்தில் தனம்மாள் வீணை வாசிப்பார். கூடவே மெல்லிய குரலில் பாடுவார். மீட்டுவதற்கு வேறு கருவி கொள்ளாமல் விரல் நகத்தாலேயே தந்தியை மீட்டுவது அவர் வழக்கம். வாயிலில் சீட்டு விற்கப்படவில்லை. வந்து கேட்டவர்களில் வித்துவான்களும் இருந்தனர்; இசையறிவு மிக்க அன்பர்களும் இருந்தனர். அங்கே ஒரே ஒரு சட்டம்தான்: அமைதி. பேச்சுக்கு இடமில்லை; தலையை ஆட்டிப் "பேஷ், பேஷ்" என்று முழங்குவதற்கும் இடமில்லை. கேட்டவர்கள் எழுதி வைத்த குறிப்புகளிலும், அவர் குடும்பத்தார் பிற்காலத்தில் சொன்ன செய்திகளிலும் மாறாமல் வருவது இந்த அமைதிதான்.

முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகியோரின் கீர்த்தனங்களையும், பதினேழாம் நூற்றாண்டின் க்ஷேத்ரக்ஞர் இயற்றிய தெலுங்குப் பதங்களையும், தம் நட்பு வட்டத்தைச் சேர்ந்த தர்மபுரி சுப்பராயரின் ஜாவளிகளையும் அவர் கையாண்டார். பதம் என்பது மிக மெதுவாக நகரும் உருப்படி. ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் இடையே இராகம் முழுவதும் விரியும். அவசரக்காரனுக்கு அது பொருந்தாது. பெரிய கூட்டத்துக்கும் பொருந்தாது. அந்தச் சிறு கூடம் இல்லையானால் அந்தப் பதங்களுள் பல நம் காலம்வரை வந்திரா என்றே நான் கருதுகிறேன்.

தனம்மாள் செல்வச் செழிப்பில் இருந்துகொண்டு இதைச் செய்தார் என்று நினைத்துவிடாதீர்கள். கடன் அவரை வருத்தியது. வீட்டை விற்கவும் நேர்ந்தது. பிற்காலத்தில் கண்பார்வையும் குன்றியது. எனினும் அவருடைய வாசிப்பில் கூட்டத்துக்காக ஒரு சுரம்கூட மாறவில்லை.

இந்த இடத்தில் ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். தனம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். கோயிலுக்கென்று பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் அந்த மரபில் இருந்தது. அவர்களுக்குச் சட்டப்படியான திருமணம் இல்லை. செல்வர்களின் ஆதரவை நம்பி வாழும் நிலை பலருக்கு இருந்தது. சிறுமிகளின் வாழ்வு அவர்களைக் கேளாமலே முடிவு செய்யப்பட்டது. இக்கொடுமையை எதிர்த்து, சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் தீர்மானம் கொண்டு வந்தார். அதே மரபில் துன்புற்று வெளிவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பேசினார். 1936இல் அதுபற்றி ஒரு நாவலும் வெளியிட்டார். 1947இல் சென்னை மாகாணத்தில் அவ்வழக்கம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அந்தச் சட்டம் வேண்டியதே. அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அதே ஆண்டுகளில் வேறொன்றும் நடந்தது. அப்பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த இசையும் நாட்டியமும் மதிப்பு மிக்க கலைகளாகி, நல்ல குடும்பத்துப் பெண்கள் பயிலத்தக்கவை என்று போற்றப்பட்டன. அக்கலைகளைத் தந்தவர்களுள் பலரோ பழிச்சொல்லுக்கு அஞ்சித் தம் பிறப்பையே மறைத்து வாழ்ந்தார்கள். தம் மக்களுக்குக் கலையைக் கற்பிக்கவும் தயங்கினார்கள். கலையை உள்ளே அழைத்துவிட்டுக் கலைஞரை வாயிலில் நிறுத்திய குற்றம் சட்டத்தினுடையது அன்று, சமுதாயத்தினுடையது. அப்படிப்பட்ட காலத்தில், வெளியே தெருவில் மதிப்புக் குறைந்தவராகக் கருதப்பட்ட ஒரு பெண்மணி, தம் கூடத்துக்குள் வந்தவர் எவராயினும் தம் அமைதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்று வைத்திருந்தாரே, அதன் பெருமையை எண்ணிப் பாருங்கள். பட்டமும் பதவியும் உடையவர்கள் அங்கே பேச்சற்று அமர்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கியோ மேடையோ அவருக்குத் தராத அதிகாரத்தை அந்தச் சிறிய அறை தந்தது.

சிறிய அறையை இவ்வளவு புகழ்ந்த பிறகு, அதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையான வரலாற்று ஆசிரியன் ஆகேன். அந்த வெள்ளிக்கிழமைக் கூடத்துக்குள் போக எத்தனை பேரால் முடிந்திருக்கும்? என் பாட்டனார் தறி நெய்தவர். அவர் ஒரு வெள்ளிக்கிழமை சென்னையில் இருந்திருந்தால், அந்த வீட்டைப் பற்றி அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அந்தப் பதங்களை இரசிக்கும் பயிற்சி அவருக்கு எங்கே கிடைத்திருக்கும்? அரசவையாயினும் செல்வர் வீட்டுத் திருமணமாயினும் அறிஞர் கூடமாயினும், பழைய இசையரங்குகளின் வாயில் குறுகியதாகவே இருந்தது. கோயிலில்கூட எல்லோரும் நுழைய முடியாத காலம் அது.

அந்த வாயில் மெல்ல மெல்ல அகன்றது. 1900ஆம் ஆண்டு திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபா தோன்றியது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரசு மகாசபை கூடியபோது அதனை ஒட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் பயனாக 1928இல் சென்னை மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. 1943இல் தமிழிசைச் சங்கம் பிறந்து, தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என்று வாதாடியது. அச்சங்கத்தின் இராஜா அண்ணாமலை மன்றம் 1952இல் எழுந்தது. மியூசிக் அகாடமியின் இன்றைய பேரரங்கம் 1962இல் திறக்கப்பட்டது. அதில் ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் அமரலாம். பிறப்பையோ அறிமுகத்தையோ கேளாமல் சீட்டை மட்டும் கேட்கும் வாயில் வந்தது. காசில்லாதவனை அது அப்போதும் தடுத்தது. எனினும் பழைய வாயிலைவிட அகலமானதே.

ஆயிரம் பேர் கூடினால் கடைசி வரிசைக்கு எப்படிக் கேட்கும்? ஒலிபெருக்கி வருவதற்கு முன்னே, பாடுபவர்கள் நான்கு கட்டை, ஐந்து கட்டை என்று உயர்ந்த சுருதியில் பாடினார்கள். நாடகக் கொட்டகைகளில் செங்கோட்டை கிட்டப்பா எந்தக் கருவியின் உதவியும் இன்றிப் பெருங்கூட்டத்தைத் தம் குரலால் நிறைத்தார். அவர் 1933இல் இருபத்தேழாம் வயதிலேயே மறைந்தார். 1930களில் ஒலிபெருக்கி மேடைக்கு வந்தது. உரத்த குரல் இல்லாதவர்களும் பாடகராக முடிந்தது. தாழ்ந்த சுருதியில் நயமாகப் பாடுவது எளிதாயிற்று. வீணைக்கும் புல்லாங்குழலுக்கும் பெரிய மேடை கிடைத்தது. இவையெல்லாம் ஆக்கங்களே. இழப்பு ஒன்றும் உண்டு. கேட்பவன் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய தேவை குறைந்தது. ஓசை தானே வந்து காதில் விழும்போது, அதை நாடிச் செல்லும் முயற்சி எதற்கு? பக்கத்து இருக்கைக்காரரோடு பேசிக்கொண்டே கேட்கலாம் என்னும் பழக்கம் அங்கே வேர்கொண்டது.

இந்த இரண்டு வழிகளுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்றும் திறந்தது. சென்னையில் 1924இலேயே ஒரு வானொலிக் கழகம் ஒலிபரப்பத் தொடங்கியது. அது மூன்றே ஆண்டுகள்தான் நடந்தது. 1930 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றுக்கொண்டு, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைத்து மக்களைக் கேட்கச் செய்தது. 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பட்டது. தனம்மாள் மறைந்தது அதே ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள். இடையே நான்கே திங்கள். ஒரு கூடத்தின் விளக்கு அணையும் தறுவாயில், ஆயிரம் கூடங்களில் விளக்கேற்றும் கருவி வந்து சேர்ந்தது.

வானொலி நிலையத்து ஒலிப்பதிவறையும் ஒரு சிற்றறையே. அங்கே கைதட்டல் இல்லை. பாடுபவர் தம் எதிரே ஒருவரே இருப்பதாக எண்ணிப் பாடுகிறார். கேட்பவரும் தம் வீட்டில் தனியே அமர்ந்து கேட்கிறார். என் சிறுவயதில் எங்கள் ஊர் ஊராட்சி மன்றத்தில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. மாலையில் வேளாண் செய்திகளுக்காகப் பெரியவர்கள் கூடுவார்கள். செய்தி முடிந்து அவர்கள் எழுந்து போனபின், என் தந்தையார் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து கச்சேரி கேட்பார். இராகத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. நடுவில் நான் ஏதேனும் கேட்டால் கையை உயர்த்துவார். பேசாதே என்று அதற்குப் பொருள். தறி நெய்தவர் மகனுக்கு அந்த வெள்ளிக்கிழமைக் கூடத்தின் சட்டம் எப்படித் தெரிந்தது? ஒருவரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை; கேட்டுக் கேட்டே அவர் அதைக் கற்றுக்கொண்டார்.

தனம்மாளின் வாசிப்பை நாம் இன்று சிறிதளவே கேட்க முடியும். 1930களில் பதிவான சில இசைத்தட்டுகள் உண்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிட அளவே இடம் கொண்ட தட்டுகள் அவை. ஆனால் அந்தக் கூடத்தில் வளர்ந்த குழந்தைகள் எங்கெல்லாம் சென்றார்கள் என்பதைப் பாருங்கள். பேத்தியர் பிருந்தாவும் முக்தாவும் பதங்களின் கருவூலமாகத் திகழ்ந்தார்கள். மற்றொரு பேத்தி பாலசரஸ்வதி பரதநாட்டியத்தில் உலகப் புகழ் பெற்றார். 1962இல் அமெரிக்காவில் ஆடினார். சத்யஜித் ராய் 1976இல் அவரைப் பற்றி ஒரு திரைப்படம் எடுத்தார். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1973இல் பாலசரஸ்வதிக்கும் 1976இல் பிருந்தாவுக்கும் வழங்கப்பட்டது. பேரன்மார் இரங்கநாதன் மிருதங்கத்தையும், விசுவநாதன் புல்லாங்குழலையும் அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு கற்பித்தார்கள். பாட்டி வாசிக்கையில் சிணுங்காமல் இருக்கப் பழகிய குழந்தைகள் இவர்கள். அந்தப் பழக்கமே இவர்களுக்கு முதற்பாடம் எனலாம்.

சென்ற தை மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, நான் ஜார்ஜ் டவுன் தெருக்களில் நடந்து பார்த்தேன். மொத்த வணிகக் கடைகள், பெட்டி பெட்டியாகச் சரக்குகள், கைவண்டிகள், "ஒதுங்கு, ஒதுங்கு" என்னும் கூவல்கள். தனம்மாள் காலத்திலும் அது சந்தடி மிக்க வணிகப் பகுதிதான். சந்தடியில்லாத இடம் தேடி அவர் எங்கும் போகவில்லை. அதன் நடுவிலேயே அமைதியை உண்டாக்கினார். அங்கே நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான். நான் முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பில் பிரம்பைக் காட்டி வாங்கிய அமைதி வேறு; அந்தக் கூடத்தின் அமைதி வேறு. என் வகுப்பில் பிள்ளைகள் என்னை அஞ்சி வாய் மூடினார்கள். அங்கே வந்தவர்கள், ஒரு நொடியைத் தவறவிட்டால் ஒரு சுரம் போய்விடும் என்று அஞ்சி வாய் மூடினார்கள். என் பாடத்தில் அத்தகைய சுரம் இருந்ததா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். விடை எனக்கு முழு மகிழ்ச்சி தரவில்லை.

மாணவ நண்பர்களே, பெரிய அரங்குகளை வெறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அரங்கும் ஒலிபெருக்கியும் வானொலியும் இல்லையென்றால் என் போன்றவன் வீட்டுக்கு இசை வந்திராது. இன்று உங்கள் கைப்பேசியிலேயே உலகத்து இசை முழுவதும் அடங்கியிருக்கிறது. அதற்கும் நான் பகைவன் அல்லன். ஆனால் ஆண்டில் ஒரு முறையேனும், ஐம்பது பேருக்கு மேல் கொள்ளாத ஓரிடத்தில், ஒலிபெருக்கி இல்லாமல் ஒருவர் பாடவோ வாசிக்கவோ கேளுங்கள். மயிலாப்பூருக்குத்தான் வர வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர்க் கோயிலில் ஓதுவார் தேவாரம் பாடுவார்; பத்துப் பேர்கூட இரார். ஒரு வீட்டுக் கூடத்தில் ஓர் ஆசிரியை பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவார். உங்கள் தெருவில் ஒரு பாட்டி தாலாட்டுப் பாடுவார். அருகில் போய் உட்காருங்கள். யார் பாடுகிறார், அவர் எந்தக் குலம், அவருக்கு ஊரில் என்ன மதிப்பு என்று பார்க்காதீர்கள். வாசிப்பவர் கையைப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் விளங்காமல் போகலாம்; எழுந்து வந்துவிடாதீர்கள்.

பங்குனியில் அந்த மயிலாப்பூர் மாடிக்கு நான் மீண்டும் சென்றேன். இம்முறை கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். அதே அம்மையார். என்னைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டு, "இன்றைக்குக் கலியாணம் எங்கே, ஐயா?" என்று கேட்டார். "முகூர்த்தம் தள்ளி வைத்தாயிற்று, அம்மா" என்றேன். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு விசிறிகள் நின்றன. சன்னல் சாத்தப்பட்டது. அவர் தந்தியில் விரலை வைத்தார்.